தேர்வுத்தாளில் காரணிப்படுத்துதல்: பல்லுறுப்புக்கோவை வினாக்களின் வரலாறு

ஒரு பல்லுறுப்புக்கோவையை அதைவிட எளிய கோவைகளின் பெருக்கற்பலனாக எழுதுவது காரணிப்படுத்துதல் எனப்படும். ய² − 14ய + 45 என்னும் கோவையை (ய − 5)(ய − 9) என்று எழுதுவது இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. (பாடநூல்களில் எக்ஸ் என்று எழுதப்படும் மாறி இக்கட்டுரையில் 'ய' என்று குறிக்கப்படுகிறது.) தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்விலும் சரி, அமெரிக்கக் கல்லூரிகளில் சேர விரும்புவோர் எழுதும் எஸ்.ஏ.டி தேர்விலும் சரி, இந்த வகை வினா இல்லாத ஆண்டு இல்லை.

இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்க இதுவே மிகப் பழைய வழி என்று மாணவர் பலர் எண்ணுகின்றனர். பாடநூலில் அது முதலில் வருவதால் ஏற்படும் எண்ணம் அது. உண்மையில், மனிதர் இருபடிச் சமன்பாடுகளைத் தீர்க்கத் தொடங்கி 3,000 ஆண்டுகளுக்கும் மேலான பிறகே காரணிப்படுத்தித் தீர்க்கும் முறை தோன்றியது. அது தேர்வுத்தாளில் குடியேறியது அதற்கும் பிந்திய கதை. குடியேறிய பின், தேர்வின் வடிவம் மாறிய ஒவ்வொரு முறையும் 'காரணிப்படுத்தத் தெரியும்' என்பதன் பொருளும் சேர்ந்தே மாறியது.

காரணி இல்லாத காலம்

பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ள பாபிலோனியக் களிமண் பலகை ஒன்றில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு சதுரத்தின் பரப்பையும் பக்கத்தையும் கூட்டினால் 3/4, பக்கம் எவ்வளவு? விடை 1/2. ஏறத்தாழ 3,700 ஆண்டுகளுக்கு முற்பட்ட இப்பலகையில் காரணி என்ற பேச்சே இல்லை. சதுரத்தை வெட்டி ஒட்டி முழுச் சதுரமாக்கும் வழிதான் சொல்லப்படுகிறது. இன்று வகுப்பில் வர்க்கப் பூர்த்தி முறை என்று நடத்தப்படுவது இதுவே.

பாபிலோனியரின் இன்னொரு விருப்பக் கணக்கு, இரண்டு எண்களின் கூடுதலும் பெருக்கற்பலனும் தெரிந்தால் அந்த எண்களைக் காண்பது. கூடுதல் 14, பெருக்கற்பலன் 45 என்று கொள்வோம். கூடுதலில் பாதி 7. அதன் வர்க்கம் 49. அதில் 45 போக மீதி 4. அதன் வர்க்கமூலம் 2. ஆகவே எண்கள் 7 + 2, 7 − 2. அதாவது 9, 5. மேலே எடுத்துக்காட்டாகத் தரப்பட்ட கோவையின் காரணிகளில் உள்ள எண்கள் இவைதாம். '45ஐத் தரும் சோடிகள் எவை, அவற்றில் எது கூட்டினால் 14' என்று இன்றைய மாணவர் தேடிப் பிடிப்பதை, தேடாமலே கண்டார்கள் அவர்கள். விடை முழு எண்ணாக இல்லாவிட்டாலும் அந்த வழி தடுக்காது. தேடிப் பிடிக்கும் வழி அங்கே நின்றுவிடும். வகுப்பறையில் இந்தப் பழைய வழிக்கு ஏன் இடமில்லாமல் போயிற்று என்று கேட்பது நியாயமான கேள்விதான்.

இந்தியாவில் பிரம்மகுப்தர் கி.பி. 628இல் இருபடிச் சமன்பாட்டுக்கு விதி தந்தார். இரண்டு பக்கத்தையும் முதற்கெழுவின் நான்கு மடங்கால் பெருக்கிவிட்டு வர்க்கப் பூர்த்தி செய்யும் ஸ்ரீதரரின் வழி, பிற்காலத்தார் எடுத்தாண்டதால் நமக்குக் கிடைத்திருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர் தம் பீஜகணிதத்தில் ஒரு குரங்குக் கணக்கைத் தருகிறார். கூட்டத்தின் எட்டில் ஒரு பங்கின் வர்க்கம் காட்டில் விளையாடுகிறது, எஞ்சிய 12 குரங்குகள் குன்றின்மேல் இருக்கின்றன, மொத்தம் எத்தனை? 16 என்றாலும் சரி, 48 என்றாலும் சரி. இரண்டு விடைகளும் ஏற்கப்படுகின்றன. இன்றைய மாணவர் இதை ய² − 64ய + 768 = 0 என்று எழுதி (ய − 16)(ய − 48) என்று பிரிப்பார். பாஸ்கரர் அப்படிச் செய்யவில்லை. வர்க்கப் பூர்த்தியே செய்தார்.

பாக்தாதில் கி.பி. 820ஐ ஒட்டி அல்-குவாரிஸ்மி எழுதிய நூலின் தலைப்பில் இருந்துதான் அல்ஜீப்ரா என்ற சொல் வந்தது. அவர் சமன்பாடுகளை ஆறு வகையாகப் பிரித்தார். எதிர்மறைக் கெழுக்களை அவர் ஏற்காததால், கூட்டப்படும் உறுப்புகள் எந்தப் பக்கம் நிற்கின்றன என்பதைப் பொறுத்துத் தனித்தனி வகை தேவைப்பட்டது. ஒரு பக்கம் முழுவதும் காலியாகிப் பூச்சியம் மட்டும் நிற்கும் சமன்பாட்டுக்கு அந்த ஏற்பாட்டில் இடமில்லை.

பூச்சியம் ஒரு பக்கம் வந்தது

இரண்டு எண்களின் பெருக்கற்பலன் பூச்சியம் என்றால் அவற்றுள் ஒன்றேனும் பூச்சியம். காரணிப்படுத்தித் தீர்க்கும் முறையின் உயிர் இந்த ஒரு வரியில் இருக்கிறது. ஆகவே எல்லா உறுப்புகளையும் ஒரே பக்கம் கொண்டுவந்து, மறுபக்கம் பூச்சியம் வைக்கும் பழக்கம் முதலில் வர வேண்டும்.

அந்தப் பழக்கத்தை வளர்த்தவர்களில் முதன்மையானவர் ஆங்கிலேயரான தாமஸ் ஹாரியட். அவர் 1621இல் இறந்தார். அவருடைய இயற்கணித நூல் பத்தாண்டுகள் கழித்து 1631இல்தான் அச்சானது. சமன்பாடுகளை அவர் எளிய காரணிகளைப் பெருக்கியே உருவாக்கிக் காட்டினார். 1637இல் வெளிவந்த தெகார்த்தின் வடிவியல் நூல், ஒரு பல்லுறுப்புக்கோவைக்கு 3 ஒரு மூலமானால் அக்கோவை ய − 3 ஆல் மீதியின்றி வகுபடும் என்பதைத் தெளிவாக்கியது. இன்று காரணித் தேற்றம் என்று படிப்பது இதுவே.

பூச்சியத்தின் தேவை புரியாததால் வரும் பிழை எல்லா ஆசிரியருக்கும் பழக்கமானது. (ய − 3)(ய − 2) = 12 என்று வினா இருந்தால், ய − 3 = 12, ய − 2 = 12 என்று எழுதி 15, 14 என்று விடை தருவார்கள். விதி மனப்பாடமாகியிருக்கிறது, விதிக்கான காரணம் சேரவில்லை. பெருக்கி, 12ஐ இடப்பக்கம் கொண்டுவந்தால் ய² − 5ய − 6 = 0. அதாவது (ய − 6)(ய + 1) = 0. விடை 6, −1.

பெரியவர்களும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். நுண்கணிதத்தை உருவாக்கிய இருவருள் ஒருவரான லைப்னிட்ஸ், 1702இல், ய⁴ + அ⁴ போன்ற கோவையை மெய்யெண் கெழுக்கள் கொண்ட இருபடிக் காரணிகளாகப் பிரிக்க முடியாது என்று கருதினார். முடியும். ய⁴ + 4 ஐ எடுத்துக்கொள்வோம். 4ய² ஐக் கூட்டிக் கழித்தால் (ய² + 2)² − (2ய)² ஆகிறது. இது இரு வர்க்கங்களின் வித்தியாசம். ஆகவே (ய² + 2ய + 2)(ய² − 2ய + 2). லைப்னிட்ஸின் கண்ணில் படாத இந்த உத்தி இன்று ஒலிம்பியாட் பயிற்சி வகுப்பில் முதல் வாரத்துப் பாடம். மெய்யெண் கெழுக்கள் கொண்ட எந்தப் பல்லுறுப்புக்கோவையையும் ஒருபடி, இருபடிக் காரணிகளாகப் பிரிக்கலாம் என்பதை காஸ் 1799இல் தம் முனைவர் பட்ட ஆய்வில் நிறுவ முனைந்தார். பிரிக்கலாம் என்று தெரிவது வேறு, பிரித்துக் காட்டுவது வேறு.

கேம்பிரிட்ஜும் கும்பகோணமும்

எழுத்துத் தேர்வில் கணிதத்தைப் போட்டியாக மாற்றியது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டிரைப்போஸ் தேர்வு. 19ஆம் நூற்றாண்டில் அதில் முதலிடம் பெறுபவரின் பெயர் நாடறியும். குறித்த நேரத்தில் எத்தனை கணக்கு முடிக்கிறார் என்பதே தகுதி. ஆகவே தனிப் பயிற்சியாளர்கள் பெருகினர். காரணிப்படுத்துதல் அங்கே தனிக் கேள்வியாக இருந்ததைவிட, எல்லாக் கேள்விக்கும் கைக்கருவியாக இருந்தது. தேர்வின் தரவரிசை முறை 1909ஆம் ஆண்டுடன் முடிவுக்கு வந்தது. அதை எதிர்த்தவர்களில் ஜி.எச். ஹார்டியும் ஒருவர்.

லண்டனில் இத்தகைய பயிற்சியாளராக இருந்தவர் ஜார்ஜ் ஷூபிரிட்ஜ் கார். மாணவர்க்குச் சொல்லிக்கொடுத்த குறிப்புகளைத் தொகுத்து, ஏறத்தாழ 5,000 சூத்திரங்களும் தேற்றங்களும் கொண்ட ஒரு பெரிய நூலாக வெளியிட்டார். முதற்பகுதி 1880இல் வந்தது. இயற்கணிதப் பகுதி காரணிகளில்தான் தொடங்குகிறது. எண்ணிட்ட முதல் கூற்று அ² − இ² = (அ − இ)(அ + இ). பெரும்பாலும் நிரூபணம் கிடையாது; இருந்தாலும் ஒரு வரிக் குறிப்புதான். தேர்வுக்கு முந்திய நாள் புரட்டிப் பார்க்க ஏற்ற நூல் அது.

1903ஐ ஒட்டி அதன் ஒரு படி கும்பகோணத்தில் ஒரு பள்ளி மாணவர் கைக்குக் கிடைத்தது. அவர் சீனிவாச இராமானுசன். நிரூபணம் இல்லாததே அவருக்கு நன்மையாயிற்று. ஒவ்வொரு கூற்றையும் தாமே நிறுவிப் பார்த்தார். அங்கிருந்து புதியவற்றுக்குப் போனார். தேர்வுக்காக எழுதப்பட்ட நூல் இப்படி ஒருவரை வளர்க்கும் என்று கார் நினைத்திருக்க மாட்டார். அதே இராமானுசன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் பிற பாடங்களில் தவறி உதவித்தொகையை இழந்ததும், பின்னர் பச்சையப்பன் கல்லூரியில் இருந்து எழுதிய எஃப்.ஏ. தேர்விலும் தோற்றதும் பலரும் அறிந்தவை. தேர்வு நூல் தூக்கிவிட்ட பிள்ளையைத் தேர்வே கீழே தள்ளியது.

அக்காலப் பள்ளிகளில் வழங்கியது ஹாலும் நைட்டும் சேர்ந்து எழுதி 1885இல் வெளியிட்ட இயற்கணித நூல். தமிழ்நாட்டில் 'ஹால் அண்டு நைட்' என்றால் பழைய தலைமுறை ஆசிரியர்க்கு இன்றும் தெரியும். காரணிகளாகப் பிரித்தல் அதில் வகைவகையாக, பயிற்சிமேல் பயிற்சியாகத் தரப்பட்டிருக்கும்.

அமெரிக்காவில் பொதுத்தாள்

ஒரே வினாத்தாளை நாடு முழுவதும் வைத்து ஒரே அளவுகோலால் திருத்துவதுதான் தரப்படுத்தப்பட்ட தேர்வு. அமெரிக்காவில் ஹார்வர்டு 1820இலேயே சேர்க்கைக்கு இயற்கணிதம் வேண்டும் என்றது. ஆனால் ஒவ்வொரு கல்லூரியும் தன் தாளைத் தானே வைத்துக்கொண்டது. பள்ளிகள் திண்டாடின. இதைச் சீர்செய்ய 1900இல் கல்லூரி நுழைவுத் தேர்வு வாரியம் அமைந்தது. 1901 சூனில் நடந்த முதல் தேர்வை 973 பேர் எழுதினர். விடைகள் எழுதித்தான் தர வேண்டும். ஆசிரியர்கள் கூடியிருந்து திருத்துவார்கள்.

இந்தக் காலத்தில் காரணிப்படுத்துதல் அளவுக்கு மீறி வளர்ந்தது. திருத்துவதற்கு வசதி, விடை ஒன்றுதான், கடினத்தை விரும்பியபடி கூட்டலாம். எங்கும் பயன்படாத முடிச்சுக் கோவைகளை அவிழ்ப்பதே இயற்கணிதம் என்றாகிவிட்டது. 1923இல் அமெரிக்கக் கணிதச் சங்கம் ஒன்று அமைத்த தேசியக் குழு, உயர்நிலைப் பள்ளிக் கணிதத்தைச் சீரமைப்பது பற்றிய அறிக்கையில் இதைக் குறைக்கச் சொன்னது. பொதுக் காரணி, இரு வர்க்கங்களின் வித்தியாசம், எளிதில் பிரிக்கத்தக்க மூவுறுப்பு இருபடிக் கோவை ஆகிய வகைகள் போதும் என்பது அதன் கருத்து. நூறாண்டு கழித்தும் இது நல்ல அறிவுரையாகவே இருக்கிறது.

ஆனால் பெரிய மாற்றம் அறிக்கையால் வரவில்லை. திருத்தும் முறையால் வந்தது. கான்சஸ் மாநிலத்தில் ஃபிரடெரிக் கெல்லி 1915ஐ ஒட்டி, கொடுத்த விடைகளில் ஒன்றைக் குறிக்கும் வகைத் தேர்வைப் பரப்பினார். 1926 சூன் 23 அன்று முதல் எஸ்.ஏ.டி நடந்தது; பிரின்ஸ்டனைச் சேர்ந்த கார்ல் பிரிகாம் தலைமையில் உருவான அதை ஏறத்தாழ 8,000 பேர் எழுதினர். மிச்சிகனில் உயர்நிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியராக இருந்த ரெனால்டு ஜான்சன், பென்சில் கோட்டின் கரி மின்சாரத்தைக் கடத்தும் என்பதைக் கொண்டு விடைத்தாள் திருத்தும் கருவியை அமைத்தார். ஐ.பி.எம். நிறுவனம் அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டு 1938இல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. போர்க்காலமான 1942இல் வாரியத்தின் பழைய எழுத்துத் தேர்வுகள் நின்றன. எஸ்.ஏ.டி. நிலைத்தது.

கொடுத்த விடைகளில் ஒன்று

பெருக்குவது எளிது, பெருக்கப்பட்டதைப் பிரிப்பது கடினம். கையால் செய்யும்போது காரணிப்படுத்துதலின் மதிப்பு முழுவதும் இந்த ஏற்றத்தாழ்வில்தான் இருக்கிறது. பலவுள் தெரிவு வினா அதைத் தலைகீழாக்கியது.

6ய² + ய − 12 இன் காரணிகள் எவை என்று கேட்டு, (2ய − 3)(3ய + 4), (6ய − 3)(ய + 4), (2ய + 3)(3ய − 4), (6ய − 1)(ய + 12) என்று நான்கு விடைகள் கொடுக்கப்பட்டால், மாணவர் பிரிக்க வேண்டியதே இல்லை. ய = 1 என்று வைத்தால் கோவையின் மதிப்பு −5. விடைகளின் மதிப்புகள் முறையே −7, 15, −5, 65. மூன்றாவது விடைதான் சரி. அரை நிமிடம் ஆகாது. நடு உறுப்பை 9ய − 8ய என்று பிரித்துச் செய்த மாணவருக்கும், ஒன்றைப் போட்டுப் பார்த்த மாணவருக்கும் மதிப்பெண் ஒன்றே.

இதை ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. இரண்டு கோவைகள் எல்லா மதிப்புக்கும் சமம் என்றால் 1க்கும் சமமாகத்தான் இருக்க வேண்டும் என்ற அறிவு அதில் இருக்கிறது. ஆனால் அந்த அறிவு காரணிப்படுத்துதல் அன்று. பயிற்சி மையத்தில் இவ்வுத்தியைப் பெற்றவர் நேரம் மிச்சம் பிடிக்கிறார். பெறாதவர் நேர்வழியில் போய்ப் பின்தங்குகிறார். நேர்மையாகப் படித்த பிள்ளைக்கு நேரும் இந்த இழப்பைப் பற்றி வினாத்தாள் அமைப்போர் கவலைப்படத்தான் வேண்டும்.

தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்புத் தாள் இதில் வேறுபட்டது. 100 மதிப்பெண்ணில் ஒரு மதிப்பெண் தெரிவு வினாக்கள் 14 மட்டுமே. மற்றவை எழுதிக் காட்ட வேண்டியவை. விடை தவறினாலும் சரியான படிகளுக்கு மதிப்பெண் உண்டு. இங்குள்ள குறை வேறு. பாடநூலில் உள்ள கணக்கே வரும் என்று நம்பி, கணக்கை மனப்பாடம் செய்வோர் இருக்கின்றனர். (ய − 1) ஒரு காரணி என்று ஏன் முதலில் முயல்கிறோம் என்று கேட்டால் 'அப்படித்தான் சார் போட்டிருக்கு' என்று பதில் வரும்.

எஸ்.ஏ.டி.யிலும் சீர்திருத்தங்கள் நடந்தன. 1994இல் விடையைத் தாமே கண்டு நிரப்பும் வினாக்கள் சில சேர்ந்தன, கணிப்பானும் அனுமதிக்கப்பட்டது. 2005இல் மேல்வகுப்பு இயற்கணிதம் கூடுதலாக வந்தது. 2016இல் கணிப்பான் இல்லாமல் 25 நிமிடத்தில் 20 வினா என்று ஒரு தனிப் பகுதி அமைந்தது. காரணிப்படுத்துதலுக்கு அது ஒரு புகலிடமாக இருந்தது எனலாம். வினாக்களின் குணமும் மாறியிருந்தது. ப(ய) என்னும் கோவைக்கு ப(4) = 7 என்று மட்டும் சொல்லிவிட்டு, என்ன உறுதியாகத் தெரிகிறது என்று கேட்பார்கள். கோவையே தரப்படாததால் போட்டுப் பார்க்க ஒன்றும் இல்லை. ய − 4 ஆல் வகுத்தால் மீதி 7 என்ற மீதித் தேற்றம் தெரிந்திருக்க வேண்டும். அல்லது ய² − உ² = 48, ய − உ = 6 என்று தந்து ய + உ கேட்பார்கள். ய, உ இரண்டையும் தனித்தனியே கண்டுபிடிக்கப் போகிறவர் நேரத்தை இழப்பார். 48ஐ 6ஆல் வகுத்து 8 என்று சொல்பவர் காரின் முதல் கூற்றைப் பயன்படுத்துகிறார்.

நூற்றில் பதினான்கு

ய² + கய + ச என்ற கோவையில் க, ச இரண்டும் 1 முதல் 10 வரையுள்ள முழு எண்கள் என்று கொண்டால் 100 கோவைகள் கிடைக்கும். அவற்றுள் முழு எண் காரணிகளாகப் பிரியக்கூடியவை 14 மட்டுமே. எண்ணிப் பார்ப்பது எளிது. பெருக்கற்பலனும் கூடுதலும் 10ஐத் தாண்டாத சோடிகளில் சிறிய எண் 1 ஆனால் 9 சோடிகள், 2 ஆனால் 4, 3 ஆனால் 1. எஞ்சிய 86 கோவைகள் தேர்வுத்தாளின் காரணிப்படுத்தும் வினாவில் ஒருநாளும் தலைகாட்டா.

ஆகவே காரணிப்படுத்துதலையே முதன்மை வழியாகக் கற்ற மாணவர், எல்லாம் பிரியும் என்ற செயற்கை உலகில் வளர்கிறார். ய² + 4ய + 1 = 0 வந்தால் 'கணக்கு தப்பு' என்கிறார். அமெரிக்கக் கணித ஆசிரியர் தேசிய மன்றம் 1989இல் வெளியிட்ட தரநிலைகள், காரணிப்படுத்திச் சமன்பாடு தீர்ப்பதற்குத் தரும் அழுத்தத்தைக் குறைக்கச் சொன்னதற்கு இது ஒரு விளக்கம். கணினிக்கோ இவ்வேலை சுமையே இல்லை. 1982இல் லென்ஸ்ட்ரா சகோதரர் இருவரும் லோவாசும் வெளியிட்ட வழிமுறை, விகிதமுறு கெழுக்கள் கொண்ட பல்லுறுப்புக்கோவையை விரைந்து பிரித்துவிடும். வேடிக்கை என்னவென்றால், நூற்றுக்கணக்கான இலக்கம் கொண்ட ஒரு முழு எண்ணைப் பிரிக்க அதே கணினிகள் திணறுகின்றன.

கணிப்பான் தாளுக்குள்ளே வந்த பிறகு

எஸ்.ஏ.டி. 2023இல் வெளிநாடுகளிலும் 2024இல் அமெரிக்காவிலும் கணினித் தேர்வானது. கணிதத்தில் 44 வினாக்கள், 70 நிமிடம். பல்லுறுப்புக்கோவைகளும் இருபடிச் சமன்பாடுகளும் அடங்கிய மேம்பட்ட கணிதப் பகுதிக்கு ஏறத்தாழ 35 விழுக்காடு. கணிப்பான் இல்லாத பகுதி போய்விட்டது. டெஸ்மாஸ் என்னும் வரைபடக் கணிப்பான் தேர்வுத் திரையிலேயே இருக்கிறது. சமன்பாட்டைத் தட்டினால் பரவளையம் தோன்றும். அது கிடைக்கோட்டு அச்சை வெட்டும் புள்ளிகள் மூலங்கள். பத்தாம் வகுப்பு மாணவர் வரைபடத் தாளில் அளவுத்திட்டம் குறித்து, அட்டவணை போட்டு, 8 மதிப்பெண்ணுக்காக வரையும் அதே வளைவரைதான்.

இதனால் வினா அமைப்போர் எண் கெழுக்களுக்குப் பதில் எழுத்துக் கெழுக்களை நாட வேண்டியிருக்கிறது. ய² + அய − 6அ² = 0 என்று வினா வந்தால் திரையில் நேரே விடை தோன்றாது. அ = 1 என்று வைத்துப் பார்த்தால் வளைவரை 2இலும் −3இலும் அச்சை வெட்டும். ஆகவே மூலங்கள் 2அ, −3அ ஆக இருக்கலாம் என்று ஊகிக்கலாம். ஊகம் சரியா என்று பார்க்க (ய − 2அ)(ய + 3அ) ஐப் பெருக்கித்தான் ஆக வேண்டும்.